ஆதி கிறிஸ்தவ சபை மாதிரி வீட்ல கூடணும்னா இப்படி பண்ணுங்க

மைக், கீபோர்டு எதுவும் வேணாம், ஒரு ஹால் போதும், முதல் விசுவாசிகள் வீடுகள்லதான் கூடுனாங்க, சிரியாவுல துரா யூரோபோஸ்ங்கிற பழைய ஊர்ல தோண்டி எடுத்த சபைகூட கி.பி. 240 வாக்குல ஒரு வீட்ட மாத்திக் கட்டுனதுதான். சாப்பாட்டு விஷயத்துல ரொம்ப கவனமா இருங்க. கொரிந்து ஊர் சபையில வசதியானவங்க முந்தி சாப்ட்டுட்டு ஏழைங்கள பசியோட விட்டதுக்குத்தான் பவுல் அவ்ளோ கண்டிச்சாரு, அதனால வேலை முடிஞ்சு லேட்டா வர்றவங்களும் வந்தப்புறம் பரிமாறுங்க. இன்னைக்கு பாஸ்டர் மட்டும் பேசி பழகிட்டோம், 1 கொரிந்தியர் 14:26 பாருங்க, ஒருத்தர் சங்கீதம், ஒருத்தர் போதகம்னு ஆளாளுக்கு கொண்டு வந்தாங்க, கூச்சப்படுறவங்களுக்கு வாசிக்கிற பொறுப்ப குடுங்க. காணிக்கைய பில்டிங் ஃபண்டுல போட்றாதீங்க ப்ளீஸ், கி.பி. 155 வாக்குல ரோம்ல ஜஸ்டின்ங்கிற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதுனபடி அது அநாதைங்க, விதவைங்க, நோயாளிங்க, ஜெயில்ல இருந்தவங்களுக்குப் போச்சு. வர முடியாதவங்களுக்கு திருவிருந்து அப்பத்த வீட்டுக்கே கொண்டுபோய் குடுங்க, அன்னைக்கு அவங்களும் அப்படித்தான் செஞ்சாங்க.