விடுதி அறையில் மூட்டைப்பூச்சி: மெத்தையை விடுங்கள், கட்டிலைப் பிடியுங்கள்

விடுதி அறையில் மூட்டைப்பூச்சி வந்துவிட்டால் எல்லோரும் முதலில் மெத்தையை வெயிலில் போடுவார்கள். அப்புறம் ஒரு மருந்து டப்பா வாங்கி அடிப்பார்கள். இரண்டும் செய்த பிறகும் ராத்திரியில் கடி நிற்காது. எங்கள் அறையிலும் அப்படித்தான் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் பூச்சியை ஒழித்த முறையை அதே வரிசையில் எழுதுகிறேன். அறையில் இருப்பவர்களே சேர்ந்து செய்துகொள்ளலாம்.

தொடங்குவதற்கு முன்பு ஒன்று. மூட்டைப்பூச்சி அழுக்கினால் வருவதில்லை. பெட்டியிலும் பையிலும் ஏறி வருகிறது. ஆட்கள் மாறி மாறித் தங்கும் எந்த இடத்துக்கும் அது வரும், எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் வரும். அதனால் புதிதாக வந்தவரைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால், அடுத்தமுறை கடிபடுகிறவர் வெட்கப்பட்டு வாயே திறக்க மாட்டார். அதற்குள் பக்கத்து அறைகளுக்கும் போய்விடும்.

படி 1: இருக்கிறதா என்று பாருங்கள்

தோலில் இருக்கும் தடிப்பை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. சிலருக்குக் கடித்தாலும் தடிப்பே வராது. ஒருவர் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருப்பார், பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. டார்ச்சையும் ஒரு பழைய ஏடிஎம் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தையின் தையல் விளிம்பு, கட்டிலின் தலைமாட்டு மூலை, பலகைக்கு அடிப்பக்கம், போல்ட் ஓட்டைகள் என்று அட்டையின் விளிம்பை விட்டுக் கிளறிப் பாருங்கள். வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளம் இருக்கும், தட்டையாக, செம்பழுப்பு நிறத்தில். முட்டை வெள்ளையாக, 1 மில்லிமீட்டர் அளவில், இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். பூச்சியே கண்ணில் படாவிட்டாலும் கறுப்புப் புள்ளிகள் கொத்தாகத் தெரியும். ஈரத் துணியால் துடைத்தால் அவை துருநிறத்தில் தீற்றிக்கொள்ளும். அதுதான் அடையாளம்.

படி 2: எல்லாக் கட்டிலுக்கும் ஒரே நாள்

ஒரு கட்டிலை மட்டும் சுத்தம் செய்வது வீண் வேலை. அறையில் உள்ள எல்லோரும் இருக்கும் ஒரு விடுமுறை நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வார்டனிடம் சொல்லி, பக்கத்து அறைகளையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வேறு அறையில் போய்ப் படுக்காதீர்கள். தலையணையோடு பூச்சியும் கூடவே போகும்.

படி 3: துணிகள்

போர்வை, தலையணை உறை, உடைகள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டிய பிறகே அறையை விட்டு வெளியே கொண்டுபோங்கள். 60 டிகிரி செல்சியஸில் துவைத்தால் முட்டை உட்பட எல்லாம் சாகும். டிரையர் இருந்தால் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் டிரையரைத்தான் தேர்ந்தெடுப்பேன். துவைக்கக் கூடாத துணியையும் காய்ந்தபடியே அதில் போடலாம். முடிந்ததும் துணிகளைப் புதிய பையில் போடுங்கள், பழைய பையில் வேண்டாம்.

படி 4: கட்டில்

எங்களுக்கு இழுத்தடித்த இடம் இதுதான். விடுதிக் கட்டில் பெரும்பாலும் இரும்புக் குழாயில் செய்தது. குழாய் உள்ளே வெற்றாக இருக்கும். காலின் அடியில் ரப்பர் மூடி இருக்கும், மேல்முனையில் பிளாஸ்டிக் மூடி இருக்கும் அல்லது விழுந்து போயிருக்கும். நடுவில் போல்ட் ஓட்டைகள். பூச்சிக்கு அந்தக் குழாய்தான் வீடு. இருட்டு, பாதுகாப்பு, படுப்பவரின் உடம்பும் சில அங்குலத்தில். மெத்தையை எத்தனை முறை தட்டினாலும், குழாய்க்குள் இருப்பது அன்று ராத்திரியே வெளியே வந்து கடிக்கும்.

ரப்பர் மூடி, பிளாஸ்டிக் மூடி எல்லாவற்றையும் கழற்றுங்கள். அவற்றின் உட்பக்கத்தையும் பாருங்கள், முட்டை அங்கேதான் அதிகம். கட்டிலைக் கழற்ற முடிந்தால் குளியலறைக்கோ வெளியிலோ கொண்டுபோய், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஒவ்வொரு குழாயின் ஒரு முனையிலும் மெதுவாக ஊற்றுங்கள். குளிர்ந்த இரும்பு சூட்டை உறிஞ்சிவிடும், அதனால் ஒரு சொம்பு போதாது. குழாயின் வெளிப்பக்கம் கை வைக்க முடியாதபடி சுடும் வரை ஊற்ற வேண்டும். ஒருவர் ஊற்றட்டும், மற்றவர்கள் தள்ளி நிற்கட்டும். மறுமுனையிலிருந்து வரும் தண்ணீர் காலைச் சுட்டுவிடும், செருப்பு போதாது, ஷூ போடுங்கள்.

கழற்ற முடியாத கட்டிலுக்குத் துணி இஸ்திரி போடும் கை ஸ்டீமர் நல்லது. அதன் வாயில் ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஆவி வேகமாக அடித்தால் பூச்சி சிதறி ஓடிவிடும். ஓர் அடி தூரம் நகர்த்த அரை நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் அவசரம் காட்டினால் பலன் இல்லை: 48 டிகிரியில் வளர்ந்த பூச்சி சாகவே சுமார் இருபது நிமிடம் ஆகும், முட்டைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆவி படும் இடம் அதைவிட நன்றாகச் சூடேறினால்தான் உடனே சாகும். ஸ்விட்ச் போர்டு பக்கம் மட்டும் ஆவியைக் கொண்டுபோகாதீர்கள்.

இரும்பு காய்ந்ததும் போல்ட் ஓட்டைகளையும் குழாய் முனைகளையும் நல்ல ஒட்டு நாடாவால் அடைத்துவிடுங்கள். தப்பிய ஒன்றிரண்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நாடாவைப் பல மாதங்களுக்குப் பிரிக்காதீர்கள். மூட்டைப்பூச்சி ரத்தமில்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். விடுமுறைக்கு அறையைப் பூட்டிவிட்டுப் போனால் செத்துவிடும் என்று நம்புவதும் இதனால்தான் பொய்த்துப்போகிறது.

படி 5: மெத்தை

தையல் விளிம்பு முழுக்க ஸ்டீமர் காட்டுங்கள். காய்ந்ததும் முழுவதும் மூடும் ஜிப் உறை போட்டுவிடுங்கள். வெயிலில் போடுவதால் தப்பில்லை, ஆனால் பூச்சி நிழல் இருக்கும் அடிப்பக்கத்துக்கு நகர்ந்துகொள்ளும்.

படி 6: காலுக்குக் கிண்ணம்

கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். போர்வை தரையைத் தொடக் கூடாது, கொசுவலை சுவரைத் தொடக் கூடாது. மூட்டைப்பூச்சிக்குப் பறக்கவும் தாவவும் தெரியாது, ஊர்ந்துதான் ஏற வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் வழுவழுப்பான பிளாஸ்டிக் கிண்ணம் வைத்தால் ஏற வருவது அதில் விழும். காலையில் பார்த்தால் இன்னும் எத்தனை மிச்சம் என்றும் தெரிந்துவிடும்.

பிறகு சேர்த்தது: கிண்ணத்திலிருந்து பூச்சி ஏறிப் போய்விடுகிறது என்று சிலர் கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தார்கள். அது உண்மைதான். மூட்டைப்பூச்சியில் மனிதரைக் கடிக்கும் முக்கிய வகைகள் இரண்டு. வெப்பமான இடங்களில் அதிகம் இருக்கும் வகைக்குக் காலில் ஒட்டும் மயிர்கள் கூடுதல், வழுவழுப்பான சுவரிலும் ஏறிவிடும். அதனால் கிண்ணத்துக்குள் சோப்புத் தண்ணீர் விடுங்கள். இரும்புக் கால் துருப்பிடிக்காமல் இருக்க, பெரிய கிண்ணத்துக்குள் ஒரு சின்ன கிண்ணத்தைக் கவிழ்க்காமல் வைத்து, அதற்குள் காலை நிறுத்துங்கள். தண்ணீர் வெளிக்கிண்ணத்தில் மட்டும் இருந்தால் போதும். கொசு முட்டையிடாமல் இருக்க அடிக்கடி மாற்றுங்கள்.

படி 7: மறுபடியும் ஒருமுறை

முட்டை சூடான அறையில் ஆறு முதல் பத்து நாளில் பொரிக்கும். எனவே ஒரு வாரம் பத்து நாள் கழித்து 4, 5 படிகளைத் திரும்பச் செய்யுங்கள். கடி நின்றுவிட்டதே என்று இதை விட்டுவிடாதீர்கள். அதன் பிறகும் கிண்ணத்தில் ஏதாவது விழுந்தால் இன்னொரு சுற்று.

மருந்தைப் பற்றிக் கேட்கிறார்கள். கடையில் கிடைக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தாங்கிக்கொள்ளும் பூச்சிகள் உலகமெங்கும் பெருகிவிட்டன. அறைக்குள் வைத்துத் திறந்துவிடும் புகை டப்பாக்களை ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோதித்து, மறைவில் இருக்கும் பூச்சியை அது ஒன்றும் செய்வதில்லை என்று 2012இல் வெளியிட்டார்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தைப் படுக்கையில் தெளிப்பது உயிருக்கே ஆபத்து, மண்ணெண்ணெய் ஊற்றுவது தீப்பிடிக்கும் வேலை. இவற்றைத் தயவுசெய்து தொடாதீர்கள். பூச்சி ஸ்விட்ச் போர்டுக்குள்ளோ சுவர் விரிசல் வழியாகப் பக்கத்து அறைக்கோ போய்விட்டது என்றால் நிர்வாகம்தான் பயிற்சி பெற்ற ஆளை வரவழைக்க வேண்டும். பூச்சியை ஒட்டு நாடாவில் ஒட்டி எடுத்துக்கொண்டுபோய்க் காட்டுங்கள். தடிப்பைக் காட்டினால் கொசு என்று சொல்லிவிடுவார்கள்.

விடுதியைக் காலி செய்து வேறு இடத்துக்குப் போகிறவர்கள், பெட்டியின் ஜிப் ஓரத்தையும் உள்துணியின் மடிப்பையும் சக்கரம் பொருத்திய இடத்தையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மூடுங்கள்.