மாரிகால வளவில் பறவை பார்த்தலும் படமெடுத்தலும்: தொடங்குவோருக்கான செய்முறை

யாழ்ப்பாணத்தில் குளிர்காலம் என்று சொல்லத்தக்க குளிர் இல்லை. ஆயினும் ஐப்பசி முதல் பங்குனி வரையான மாதங்களே வீட்டு வளவில் பறவை பார்ப்பதற்கு மிகவும் உகந்தவை. ஆண்டு முழுவதும் நம்முடன் இருக்கும் புலுனி, கொண்டைக்குருவி, மைனா ஆகியவற்றோடு, இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரிக்கும் ஆறுமணிக்குருவி போன்ற வலசைப் பறவைகளும் கடல் கடந்து இக்காலத்தில்தான் வந்து சேர்கின்றன. இவற்றைப் படமெடுக்க விலையுயர்ந்த கமரா வேண்டும் என்று எண்ணிப் பலர் தயங்குகின்றனர். என்னைக் கேட்டால், கமராவைப் பற்றிக் கடைசியில் யோசித்தால் போதும். பறவை எங்கே வந்து இருக்கும், அதன் பின்னால் என்ன தெரியும், வெயில் எந்தப் பக்கமிருந்து விழும் ஆகிய மூன்றையும் முதலில் ஒழுங்கு செய்துவிட்டால், கைத்தொலைபேசியிலும் நல்ல படம் கிடைக்கும்.

படி 1: இடத்தைத் தெரிவு செய்தல்

மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் உதித்து, நாள் முழுவதும் தெற்கே சாய்ந்தபடியே செல்கிறது. எனவே வடக்கு நோக்கிய யன்னல் ஒன்று இருக்குமானால் அதுவே சிறந்தது. அதன் பின்னால் இருந்து வெளியே பார்க்கும்போது வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து சென்று பறவையின் மீது விழும். யன்னலிலிருந்து ஏறத்தாழ நான்கு மீற்றர் தூரத்தில் தீன்தட்டை வைக்கலாம். ஆனால் காலையில் வீட்டின் நிழல் எதுவரை விழுகிறது, எத்தனை மணிக்கு விலகுகிறது என்பதை ஒரு நாள் நின்று பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்யுங்கள். திருவெம்பாவைக்குச் சங்கு ஊதும் வேளையில் எழுந்து கமராவுடன் காத்திருப்பதில் பயனில்லை. அந்த இருட்டில் படம் எடுபடாது. ஏழரை மணிக்குப் பின்னர் தொடங்கினால் போதும்.

பறவைகள் ஓடி ஒளிவதற்குப் பக்கத்தில் செடியோ மரமோ இருக்க வேண்டும். எனினும் பூனை பதுங்கக்கூடிய பற்றையிலிருந்து குறைந்தது இரண்டு மீற்றராவது தட்டு விலகியிருக்கட்டும்.

படி 2: தீன் வைத்தல்

கடையில் விற்கும் தீன்கூடு எதுவும் தேவையில்லை. அடியில் துளையிட்ட சிரட்டை ஒன்றும், ஒரு கம்பத்தின் மேல் ஆணியடித்துப் பொருத்திய பலகையும் போதுமானவை. துளை இல்லாவிட்டால் மழைநீர் தேங்கித் தானியம் ஒரே இரவில் புளித்துவிடும். குரக்கன், சாமை, அரிசிக்குறுணல் ஆகியவற்றைச் சிறிதளவே இட்டு, மிஞ்சியதை மாலையில் அகற்றுங்கள். பூஞ்சணம் பிடித்த தீன் பறவைக்கு நோயைக் கொடுக்கும். கொண்டைக்குருவிக்கும் குக்குறுவானுக்கும் நன்கு பழுத்த வாழைப்பழமோ பப்பாசித் துண்டோ வேண்டும். பாணும் உப்பிட்ட மிக்சரும் வேண்டாம். தேன்சிட்டுக்குச் சீனித் தண்ணீர் வைப்பதைவிட ஒரு செவ்வரத்தைச் செடி நடுவது நல்லது. அணில் வரத்தான் செய்யும். அதனோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

சனிக்கிழமைகளில் காகத்துக்குச் சோறு வைக்கும் வீடானால், அதை வழக்கம்போல் குசினிப் பின்புறத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். காகம் வந்து குந்தும் தட்டுக்குச் சிறு பறவைகள் எளிதில் கிட்ட வருவதில்லை.

படி 3: தண்ணீரும் சருகும்

வலசை வருபவற்றுள் பெரும்பாலானவை பூச்சி தின்பவை. நீங்கள் இடும் குரக்கனை அவை திரும்பியும் பாரா. அவற்றை அழைத்து வருவது தண்ணீர்தான். ஆனால் வளவெங்கும் மழைநீர் தேங்கி நிற்கும் கார்த்திகையில் தண்ணீர்ச் சட்டிக்கு மதிப்பிராது. மழை ஓய்ந்து நிலம் காயும் தை, மாசியில்தான் அதன் அருமை தெரியும். அகன்ற மண்சட்டியில் ஐந்து சென்றிமீற்றருக்கு மேற்படாத ஆழத்துக்கு நீர் ஊற்றி, நடுவில் சொரசொரப்பான கல்லொன்றை வையுங்கள். நாள்தோறும் நீரைக் கொட்டிச் சட்டியைத் தேய்த்துக் கழுவுவது கட்டாயம். டெங்கு பரவும் காலமும் இதுவே ஆகையால், நுளம்புப் புழு நெளியும் சட்டியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்டால் பறவைக்கு வைத்தது என்ற விளக்கம் எடுபடாது.

ஆறுமணிக்குருவி தட்டுக்கு வரும் பறவை அன்று. அது நிலத்தில் சருகைக் கிளறிப் புழு பூச்சி தேடும். ஆகவே மாமரத்தின் கீழ் ஒரு மூலையைக் கூட்டாமல் விட்டுவிடுங்கள். நாள்தோறும் முற்றம் கூட்டும் நம் வீடுகளில் இதற்குப் பேச்சு விழும் என்பது தெரிந்ததே. எனினும் இந்தப் பருவம் முடியும் வரை அந்த மூலைக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொள்வது நல்லது.

படி 4: குந்தும் கொப்பும் பின்னணியும்

படத்தின் அழகைத் தீர்மானிப்பது இந்தப் படியே. தட்டில் இருந்து தின்னும் பறவையைப் படமெடுத்தால் படத்தில் பலகையும் பழத்தோலுமே பெரிதாகத் தெரியும். எனவே தட்டிலிருந்து ஒரு முழத் தூரத்தில், விரல் பருமனுள்ள கொய்யாக் கொப்பொன்றைச் சற்றுச் சாய்வாக நட்டு, அதைக் கமராவின் மட்டத்துக்கு உயர்த்திக் கட்டுங்கள். தட்டுக்கு வருமுன் பறவை அதில் இருந்து சுற்றுமுற்றும் பார்க்கும். கொப்புக்கு ஐந்தாறு மீற்றர் பின்னால் கிளுவை வேலியோ பூவரசோ இருந்தால் அது மங்கிய பச்சையாக விழும். வெள்ளைச் சுவரும் தகரமும் படத்தைக் கெடுக்கும்.

புலுனிகள் வரும் விதத்தைக் கவனித்தால் இதன் பயன் விளங்கும். முதலில் ஒன்று வேலியில் வந்திருந்து தலையைச் சரித்துப் பார்க்கும். பிறகு கொப்புக்குத் தாவும். அது கீழே இறங்கியதும் மற்றவை கீச்சிட்டபடி ஒன்றன்பின் ஒன்றாக அதே கொப்பின் வழியே இறங்கும். முதலாவதைத் தவறவிட்டாலும், பின்னால் வரும் ஒவ்வொன்றும் அதே இடத்தில் ஒரு கணம் நிற்கும். வெளிறிய கண்ணும் மஞ்சள் அலகும் அந்தக் கணத்தில் தெளிவாக விழும். படமெடுத்துப் பழக இதைவிட நல்ல பறவை நம் வளவில் இல்லை.

படி 5: படமெடுத்தல்

அறையின் விளக்கை அணைத்து, யன்னலில் பழைய சேலையொன்றைத் தொங்கவிட்டு, அதன் இடைவெளியால் லென்ஸை நீட்டுங்கள். முதல் சில நாட்கள் கமராவைத் தொடாமல் பறவைகளைப் பழகவிடுவது நல்லது. கைத்தொலைபேசி மட்டும் இருப்பவர்கள், அதை முக்காலியில் பொருத்திக் கொப்புக்கு ஒரு மீற்றர் அருகே வைத்து, புளூடூத் ரிமோட்டால் உள்ளிருந்து இயக்கலாம். சூம் செய்து எடுத்தால் இறகுகள் கலங்கிப்போகும். பெரிய கமராவானால் 300 மில்லிமீற்றர் லென்ஸ் போதுமானது. ஷட்டர் வேகத்தை நொடியில் 1/500 பங்குக்குக் குறையவிடாதீர்கள். ஒளி புகும் லென்ஸ் துவாரம் எஃப் 5.6 அளவில் இருக்கட்டும். மந்தாரமான நாளில் ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்திறன் அளவை 1600 வரை தயங்காமல் உயர்த்தலாம். ஒற்றைக் குவியப் புள்ளியைக் கண்ணில் நிறுத்துங்கள். கரிக்குருவி மின்கம்பியில் இருக்கும்போது பின்னால் உள்ள மழைக்கால வெள்ளை வானம் கமராவை ஏமாற்றிப் பறவையை வெறும் கறுப்பாக்கிவிடும். அப்போது கமராவின் அமைப்பில் வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி எடுங்கள். பிளாஷ் வேண்டாம். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் கூடுகளை அணுகுவதும் வேண்டவே வேண்டாம்.

படி 6: குறித்து வைத்தல்

ஒவ்வொரு படத்துக்கும் நாள், நேரம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். தென்னிலங்கையில் பரவலாகக் காணப்படும் முதுகு சிவந்த மரங்கொத்திக்குப் பதிலாக, நம் பக்கத்தில் உள்ளது பொன்னிற முதுகுடையது. கழுத்தில் கறுப்பு வளையம் உள்ள புறாவும் இலங்கையில் வடக்கு, வடமேற்குக் கரையோரங்களிலேயே காணப்படுகிறது. ஆகையால் நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் பதிவுகூடப் பிறருக்குப் பயன்படும். குறிப்புகளை, பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் (eBird) இணையத்தளத்தில் இலவசமாகப் பதியலாம். பெப்ரவரி நடுப்பகுதியில் உலகெங்கும் நான்கு நாட்கள் வீட்டு வளவுப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து கண்டவற்றை எண்ணிப் பதிந்தால் நீங்களும் அதில் சேர்ந்துகொள்ளலாம்.