வீட்டை வாடகைக்கு விடுகிறீர்களா? சென்னை உரிமையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் கீழே இரண்டு, மேலே நான்கு என்று போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் பலருக்கு அந்த வாடகைதான் பென்ஷன். அப்படியிருந்தும் ஆளைப் பார்த்தால் நல்லவராகத் தெரிகிறார் என்ற நம்பிக்கையில் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். இரண்டு வருடம் கழித்து, அன்று என்ன பேசினோம் என்பது நல்லவர்களுக்கும் வேறு வேறாகத்தான் நினைவிருக்கும். பெரும்பாலான தகராறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இணையதளத்திலேயே செய்யலாம், பதிவு எண் கிடைக்கும். ஆனால் "பதினோரு மாத அக்ரிமென்ட்தானே, பதிவெல்லாம் எதற்கு?" என்று ஸ்டாம்ப் பேப்பரை அலமாரியில் வைத்துப் பூட்டுபவர்கள் இன்னும் நிறையப் பேர். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பது பதிவுச் சட்டத்தின் விதி. அதைத் தவிர்க்க வந்ததுதான் இந்த 11 மாத வழக்கம். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு, அதற்கு 11 மாத விலக்கு கிடையாது. எழுத்தும் பதிவும் இல்லாமல் வழக்கு என்று வந்துவிட்டால், எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பதே முதல் வழக்காகிவிடும்.

ஒப்பந்தத்தில் வாடகைத் தொகையை மட்டும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். வாடகை எப்போது, எவ்வளவு ஏறும், கோடையில் தண்ணீர் லாரிச் செலவை எப்படிப் பிரிப்பது, கார் எங்கே நிற்கும், காலி செய்யும்போது பெயின்ட்டுக்குப் பிடிப்பீர்களா என்பதையெல்லாம் எழுதுங்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

அட்வான்ஸ் விஷயத்தில் சென்னையின் பழைய பழக்கம் பத்து மாத வாடகை. சட்டம் சொல்வது மூன்று மாதம். அதற்கு மேல் வாங்குவதானால் ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டும். வீடு காலியான ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். இங்கேதான் உரிமையாளர்கள் தடுமாறுகிறார்கள். வாங்கிய அட்வான்ஸ் மகள் கல்யாணத்திலோ மேல்தளம் கட்டுவதிலோ கரைந்திருக்கும். அடுத்த ஆள் வந்தால்தான் பணம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. மொத்தமாக லட்சக்கணக்கில் வாங்கி லீஸுக்கு விடுபவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் பெரிது. அந்தப் பணத்தை வங்கி வைப்புநிதியில் போட்டு, வட்டியை மட்டும் வருமானமாக எண்ணுங்கள்.

வாடகை நின்றுபோனால் கோபம் வரும், வரத்தான் செய்யும். ஆனால் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, ஊருக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுவது எதுவும் கூடாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நிறுத்தினால் குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் போகலாம். பாக்கி வைத்தவர் புகார்தாரராகவும் நீங்கள் பதில் சொல்பவராகவும் மாறிவிடுவீர்கள். நேர்வழி இருக்கிறது. இரண்டு மாத வாடகை நின்றால் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியும் வரவில்லை என்றால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். வாடகையை வங்கி வழியாக வாங்கியிருந்தால் பாக்கியை நிரூபிக்கும் வேலையும் சுலபம். ரொக்கமாக வாங்கினால் ரசீது கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, உங்கள் வீடேயானாலும் குடிவைத்த பிறகு நினைத்த நேரத்தில் உள்ளே நுழைய முடியாது. 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ரிப்பேர் சண்டைக்கும் சட்டத்தின் அட்டவணையே பதில் தருகிறது: கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பு, குழாய் பதிப்பது, வயரிங் உங்கள் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் போன்ற சில்லறை ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு.

பொது மோட்டார், மாடிப்படி விளக்குக்கான மின்கட்டணத்தையும் ஒருமுறை பாருங்கள். 10 வீடுகளுக்கு மிகாமல், மூன்று தளங்களுக்குள், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 2023 அக்டோபரில் அரசு கட்டணத்தைக் குறைத்தது. பழைய கட்டணமே வருகிறதா என்று பில்லைப் பார்த்தால் தெரிந்துவிடும். வருமான வரியில் வாடகைக்கு 30 சதவீதக் கழிவு உண்டு. சொத்து வரியையும் கழிக்கலாம், ஆனால் அந்த ஆண்டில் உண்மையில் கட்டியிருந்தால்தான். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் குடியிருப்பவர் 2 சதவீதம் டி.டி.எஸ். (வாடகையிலேயே கழித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்த 50,000 வரம்பே கிடையாது, பிடித்தமும் மிக அதிகம்.

இதுவரை சொன்ன தவறுகளில் போவது பணமும் நிம்மதியும். செப்டிக் டேங்க் விஷயத்தில் போவது ஓர் உயிர். 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பல பகுதிகளில் பாதாளச் சாக்கடை இன்னும் முழுமையாக வரவில்லை. டேங்க் நிரம்பினால் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு, ஆயிரம் ரெண்டாயிரம் பேசி இறக்கிவிடும் உரிமையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே தேங்கிய விஷவாயுவில் சில நொடிகளில் மயக்கம் வரும். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் செத்துப்போவதை எத்தனை முறை செய்தியில் படித்துவிட்டோம்! கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. "கான்ட்ராக்டர்தான் இறக்கினார், எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என நினைக்க வேண்டாம்.

டேங்க் நிரம்பி வழியும் வரை காத்திருந்து அவசரத்தில் ஆள் தேடாதீர்கள். உரிமம் பெற்ற உறிஞ்சு லாரியை அழையுங்கள், 14420 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். லாரி வரும்போது நீங்களோ வாட்ச்மேனோ பக்கத்தில் இருங்கள். அடியில் கெட்டித்துப்போன கசடை ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும் என்று லாரிக்காரர் சொன்னால், மூடியைப் போடச் சொல்லிவிட்டு வேறு வண்டி பாருங்கள்.