செத்தவர் யார்? ராணுவ அகாடமிக் கொலைக்கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடுவோம். நண்பர் ஒருவரின் பூர்வீக வீட்டு முகப்பு, இரண்டு பாய், டீ, யாராவது கொண்டுவரும் வெள்ளைப் பணியாரம். எழுதிப் பழகுகிறவர்கள் தங்கள் கதையை வாசிப்பார்கள். நான் இருபது வருடமாகத் துப்பறியும் கதை எழுதுகிறவன் என்பதால், பிணம் விழுகிற கதையெல்லாம் என் பக்கம் தள்ளிவிடப்படும்.

போன மாதம் இரண்டு பேர், ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமலேயே, ராணுவ அகாடமியில் நடக்கும் கொலையை எழுதி வந்திருந்தார்கள். ஒருவர் கல்லூரி முடித்த பையன். மற்றவர் தேவகோட்டையிலிருந்து வரும் டீச்சர். இரண்டையும் கேட்டு முடித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2011-இல் நான் விழுந்த குழியில்தான் இருவரும் விழுந்திருந்தார்கள்.

கடைசிப் பக்கத்தில் திடீரென முளைக்கும் கொலைகாரன், கைரேகை எடுக்க மறந்த போலீஸ் போன்ற சங்கதிகளை இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டாவது கதை எழுதும்போது அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

எந்த அகாடமி?

பையனின் கதாநாயகன் பிளஸ் டூ முடித்த கையோடு பரங்கிமலைக்குப் போகிறான். முடியாது. பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி பட்டதாரிகளுக்கானது, பயிற்சி 49 வாரம். பிளஸ் டூ பையன்கள் போவது புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்.டி.ஏ.வுக்கு. அங்கே மூன்று வருடம், அப்புறம் தரைப்படைக்குப் போகிறவர்களுக்கு டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமியான ஐ.எம்.ஏ.வில் இன்னொரு வருடம். வெலிங்டனில் இருப்பது ஏற்கெனவே அதிகாரியாக இருப்பவர்கள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ், அங்கே கேடட்டுகளே, அதாவது அதிகாரியாகப் பயிற்சி பெறும் மாணவர்களே, கிடையாது. நம் சிவகங்கைப் பக்கம் இலுப்பைக்குடியில் இருப்பதோ இந்தோ திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சி மையம். அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது, ராணுவமே இல்லை. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த கேட்டை வைத்துக் கதை கட்டினால் இப்படித்தான் ஆகும்.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. என்.டி.ஏ.வில் பதினாறரை வயதிலேயே சேரலாம். உங்கள் கொலைகாரனுக்கு 17 வயது என்றால் கதை சிறார் நீதிக் குழுமத்தின் முன்னால் போய் நிற்கும். டீச்சரின் கதை 2015-இல் நடக்கிறது, கதாநாயகி என்.டி.ஏ. கேடட். பெண்கள் அங்கே சேர்ந்ததே 2022-இல்தான். முதல் 17 பேர் பயிற்சி முடித்து வெளியே வந்தது 2025 மே மாதம். பரங்கிமலைக்கு மாற்றுங்கள், அங்கே 1992-லிருந்தே பெண்கள் இருக்கிறார்கள் என்றேன். ஒரு வரியில் தீர்ந்தது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கற்பனையாக ஒரு அகாடமியைக் கட்டிக்கொள்ளலாம். பையன் இரண்டாவது வடிவத்தில் அதைத்தான் செய்திருக்கிறான். செட்டிநாட்டில் இருக்கிற போர்க்காலத்து விமான ஓடுதளத்தின் ஓரத்தில் அகாடமி. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்தது. ஆனால் கட்டடத்தைத்தான் கற்பனை செய்யலாம், சட்டத்தை முடியாது.

செத்தவர் யார்?

இங்கேதான் என் பணம் போனது.

2011-இல் நான் எழுதிய நாவலில், அகாடமி கேன்டீன் கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கும் ஒருவன் கொல்லப்படுகிறான். கொன்றவர் அங்கே பயிற்சி தரும் ஒரு கேப்டன். துப்பறிவது ஒரு மேஜர். கடைசி 32 பக்கம் கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவத்தின் சொந்த நீதிமன்ற விசாரணை. அதற்காக ராணுவச் சட்டத்தை, 1950-ஆம் வருடத்துச் சட்டம் அது, வாங்கி வைத்துக்கொண்டு படித்தேன். ஜெனரல் கோர்ட் மார்ஷல் என்றால் குறைந்தது 5 அதிகாரிகள், ஒவ்வொருவரும் அதிகாரியாகி 3 வருடமாவது ஆகியிருக்க வேண்டும், மரண தண்டனைக்கு மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் சரியாகப் போட்டிருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட.

அச்சு முடிந்து ஃபாரங்கள், அதாவது பதினாறு பதினாறு பக்கமாக அச்சடித்த தாள்கள், பைண்டிங்குக்குப் போகும் நேரத்தில், கழனிவாசலில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் ஒரு பிரதியைத் தைக்காமலேயே படிக்கக் கொடுத்தேன். இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்தார். 161-ஆம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. வேறு எங்கும் ஒரு கோடுகூட இல்லை.

“நல்லா இருக்கு தம்பி. ஒண்ணே ஒண்ணுதான். செத்தவன் நம்ம ஆளா, வெளி ஆளா?”

“கேன்டீன் பையன்ணே. வெளி ஆள்தான்.”

“அப்ப எதுக்கு கோர்ட் மார்ஷல் வைக்கிறீங்க? போலீஸ்ல ஒப்படைச்சிருப்பாங்களே.”

வீட்டுக்கு வந்து சட்டப் புத்தகத்தைத் திறந்தேன். 70-ஆவது பிரிவு. அதற்கு முந்தைய பக்கத்தை அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறேன், இதைத் தாண்டிப் போயிருக்கிறேன். ராணுவச் சட்டத்துக்கு உட்பட்ட ஒருவர், முப்படைச் சட்டங்கள் எதற்கும் உட்படாத ஒருவரைக் கொன்றால், அந்தக் கொலையைக் கோர்ட் மார்ஷலில் விசாரிக்க முடியாது. விதிவிலக்கு மூன்றுதான்: கொன்றவர் அப்போது போர்ப்பணியில் இருக்க வேண்டும், அல்லது சம்பவம் இந்தியாவுக்கு வெளியே நடக்க வேண்டும், அல்லது மத்திய அரசு குறிப்பிட்டிருக்கும் எல்லைச் சாவடியில் நடக்க வேண்டும். என் அகாடமி இந்த மூன்றிலும் இல்லை. உள்ளூர் போலீஸ், செஷன்ஸ் கோர்ட், அவ்வளவுதான் கதை.

செத்தவரும் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்றால் நிலைமை தலைகீழ். இரண்டு நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு. எங்கே விசாரிப்பது என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர் பணிபுரியும் டிவிஷன் போன்ற பெரிய அமைப்பின் தளபதி முடிவு செய்யலாம், அது 125-ஆவது பிரிவு. குற்றவியல் நீதிமன்றம் விட்டுக்கொடுக்காமல் ‘ஆளை எங்களிடம் ஒப்படையுங்கள், இல்லையென்றால் மத்திய அரசைக் கேளுங்கள்’ என்று நோட்டீஸ் அனுப்பலாம், அது 126-ஆவது பிரிவு. மத்திய அரசு சொல்வதே முடிவு. கடற்படைக்குச் சட்டம் வேறு, ஆனாலும் 1959 நானாவதி வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சுட்டவர் கடற்படை கமாண்டர், செத்தவர் சிவிலியன். காவலில் வைத்திருந்தது கடற்படை, விசாரித்தது பம்பாய் செஷன்ஸ் கோர்ட். ஒரு குற்றவாளியை இரண்டு வீடு பங்கு போட்ட மாதிரி. இதைவிட நல்ல முடிச்சை உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். பதிப்பகத்தார், ‘இப்படியே போகட்டும், இல்லையென்றால் மறு அச்சுச் செலவு உங்களுடையது’ என்றார். கடைசி இரண்டு ஃபாரம், 1,000 பிரதி, 14,000 ரூபாய். கொடுத்தேன். பணத்தைவிடப் பெரிய கொடுமை, புது முடிவும் அச்சாக 32 பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பது. ஐந்து இரவுகள் உட்கார்ந்து கோர்ட் மார்ஷலைச் செஷன்ஸ் கோர்ட்டாக மாற்றினேன்.

அப்புறமும் தவறு தவறாகவே இருந்தது. இன்றுவரை எனக்கு எரிச்சல் அதில்தான். வெளி ஆள் செத்தால், பிணம் கிடக்கிற அன்று காலையிலேயே லோக்கல் போலீஸ் கேட்டுக்கு வந்து நிற்க வேண்டும். என் நாவலில் போலீஸ் முதல்முறையாக வருவது 161-ஆம் பக்கத்தில்! அதுவரை மேஜர் ஒருவர் தன்னந்தனியாகச் சாட்சிகளை மிரட்டிக்கொண்டிருக்கிறார். எந்த அதிகாரத்தில்? கதையில் யாருமே அவரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. முடிவை மட்டும் மாற்றிச் சரிசெய்யக்கூடிய தவறு இல்லை இது. முதல் பக்கத்திலிருந்தே வேறு நாவல் எழுதியிருக்க வேண்டும். புத்தகம் அப்படியே வெளியே போனது. அலமாரியில் அதன் முதுகைப் பார்த்தாலே எனக்கு அந்தப் பென்சில் கேள்விக்குறிதான் தெரியும்.

இப்போது பையனின் கதையில் தோட்டக்காரர் சாகிறார், கோர்ட் மார்ஷல் நடக்கிறது. டீச்சரின் கதையில் ஒரு கேப்டனை ஒரு மேஜர் கொல்கிறார், இன்ஸ்பெக்டர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கி அகாடமியின் தலைவரான கமாண்டன்ட்டை அதட்டி, மேஜருக்கு விலங்கு மாட்டிக் கூட்டிப் போகிறார். டீச்சருக்கு அந்த இரண்டு வீட்டுப் பங்காளிச் சண்டை இலவசமாகக் கிடைத்திருக்கிறது, அதைத் தொடாமலே போய்விட்டார்.

நான் சொன்னதும் பையன், “சார், படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?” என்றான். எங்கள் பக்கம் ஊருக்கு ஒரு மிலிட்டரிக்காரராவது இருப்பார் தம்பி. அவர்தான் உன் புத்தகத்தை முதலில் வாங்குவார்.

இன்னொன்று. 122-ஆவது பிரிவையும் படித்து வையுங்கள். கோர்ட் மார்ஷலுக்கு 3 வருடக் கெடு உண்டு, குற்றவாளி யார் என்று தெரியாவிட்டால் தெரிந்த நாளிலிருந்து கணக்கு. கொலைக்குச் செஷன்ஸ் கோர்ட்டில் அந்தக் கெடு இல்லை. ஃபைலை மூன்று வருடம் அமுக்கி வைத்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விடும் ஒரு கர்னலை யோசித்துப் பாருங்கள். கெடு முடிந்த மறுநாள் காலை உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து அவருக்கு ஃபோன் வருகிறது.

கோர்ட் ஆஃப் என்கொயரி

இது விசாரணைக் குழு. கோர்ட் என்ற பெயரைப் பார்த்து ஏமாந்து தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். யாருக்கும் தண்டனை தர இதனால் முடியாது. இங்கே சொன்ன வாக்குமூலத்தைப் பிறகு வழக்கில் சாட்சியமாக வைக்கவும் முடியாது, பொய் சொன்னதற்கான வழக்கைத் தவிர.

ஆனால் இதில் ஒரு புதையல் இருக்கிறது. ஒருவருடைய நன்னடத்தையோ ராணுவ கௌரவமோ கேள்விக்குள்ளாகும் என்றால், ராணுவ விதி 180-இன்படி அவர் விசாரணை முழுவதும் அங்கேயே இருக்கலாம், ஒவ்வொரு சாட்சியையும் குறுக்குக் கேள்வி கேட்கலாம். அதாவது, நீங்கள் சந்தேகப்படுகிற ஆளே மேசைக்கு எதிரே உட்கார்ந்து, தன்னைப் பார்த்த சமையல்காரரிடம், “அந்த ராத்திரி லைட் எரிஞ்சுதா?” என்று கேட்கலாம். சமையல்காரர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். எழுதுகிற அதிகாரியின் பேனா நிற்கிறது. டீச்சரின் கதையில் சந்தேக நபரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்தது.

துப்பாக்கி

கேடட் தலையணைக்கு அடியில் துப்பாக்கி கிடையாது. ஆயுதங்கள் இருக்குமிடம் கோத், அதற்குப் பூட்டு, காவல், ரிஜிஸ்டர் எல்லாம் உண்டு. சுடும் பயிற்சி முடிந்ததும் காலித் தோட்டாக்களைக்கூடப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். புல்லுக்குள் விழுந்த ஒரு காலித் தோட்டாவுக்காக ஒரு பிளட்டூனே மண்டி போட்டுத் தேடும். சுபேதார் இதைச் சொன்னபோது கையால் திண்ணையைத் தடவிக் காட்டினார், இன்னும் தேடுகிற மாதிரி.

ஆக, தோட்டாக் கணக்கில் ஒன்று குறைந்தால் துப்பு, கணக்குச் சரியாக இருந்தால் இன்னும் பெரிய துப்பு. இதை விட்டுவிட்டு விஷம் வைப்பானேன்?

நேரம்

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். அகாடமியும் அப்படித்தான். விடியற்காலை ஃபால்-இன், பி.டி., டிரில், வகுப்பு, மெஸ், மறுபடி ஃபால்-இன். ஒவ்வொன்றிலும் தலை எண்ணுவார்கள். உங்கள் கேடட் மூன்று மணி நேரம் காணாமல் போய்க் காட்டில் துப்பறிந்துவிட்டு வர முடியாது. வந்தால் ரகடா, அதாவது கைகால் ஓயும்வரை தண்டனை. முழங்கை சிராய்ப்போடு அவன் மெஸ்ஸுக்கு வருவதைப் பார்த்தே மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும், நேற்று இவன் எங்கேயோ போயிருக்கிறான் என்று.

302

2024 ஜூலை 1 முதல் கொலைக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 103. அதற்கு முன் நடந்த கொலை என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 302. முதலில் கதையின் வருடத்தை எழுதுங்கள்.

இரட்டைப் பிறவி

வேண்டாம்.

கமாண்டன்ட்தான் கொலைகாரர்

மூன்றாவது அத்தியாயத்திலேயே எல்லாரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

மொழி

டீச்சரின் டிரில் உஸ்தாத், அதாவது அணிவகுப்புப் பயிற்சி தருகிறவர், செந்தமிழில் அதட்டுகிறார். வட இந்தியர், மணிப்பூர்க்காரர், மலையாளி எல்லாரும் நிற்கிற வரிசையில் கட்டளை ஹிந்தியில்தான் விழும். அதற்காகப் பக்கம் பக்கமாக ஹிந்தி வசனத்தைத் தமிழ் எழுத்தில் கொட்டவும் வேண்டாம். ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’, ‘தேஜ் சல்’ என்று நாலைந்து சொல் போதும், மீதியைத் தமிழில் எழுதினால் வாசகர் புரிந்துகொள்வார்.

உஸ்தாத் தமிழர், கேடட்டும் தமிழர் என்றால் தனியாக இருக்கும்போதாவது தமிழில் பேசிக்கொள்வார்களா என்று டீச்சர் கேட்டார். எனக்குத் தெரியாததால் அங்கே உட்கார்ந்திருந்த சுபேதாரிடமே கேட்டேன். பணியாரத்தை மென்றுகொண்டே யோசித்தார்.

“பேச மாட்டோம் தம்பி. சலுகை காட்டுறான்னு சொல்லிருவாங்க. ரொம்பக் கோபம் வந்துட்டா மட்டும் தமிழ் வரும்.”

“அப்போ என்ன சொல்வீங்க?”

டீச்சர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னொரு பணியாரத்தை எடுத்துக்கொண்டார்.