"ஒரு தடவைதான் கட்டினேன்": பழைய உடையை ஆன்லைனில் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

திருமங்கலத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கிய அரக்கு நிறப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தேன், எழுந்தபோது கொசுவத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. எதிலும் மாட்டவில்லை, யாரும் மிதிக்கவும் இல்லை. மடிப்பு விழுந்த கோட்டில் பட்டு தானாகவே இற்றுப்போயிருந்தது. விற்றவர் "ஒரே ஒரு தடவைதான் கட்டினேன்" என்று சொல்லியிருந்தார், அது உண்மையாகத்தான் இருக்கும். அந்த ஒரு தடவைக்கு அப்புறம் அதே மடிப்பில் எத்தனை வருஷம் பீரோவில் கிடந்தது என்று நான் கேட்கவில்லை.

பழைய துணி வாங்கும்போது நாம் எல்லாரும் செய்கிற பெரிய தவறு இது. எத்தனை தடவை உடுத்தியது என்று கேட்கிறோம், எத்தனை வருஷம் எப்படி வைத்திருந்தார்கள் என்று கேட்பதில்லை. பட்டை மாற்றி மடிக்காமல் வைத்தால் மடிப்புக் கோட்டில் இழை ஒடியும், வியர்வையோடு உள்ளே வைத்தால் அக்குளிலும் இடுப்பிலும் கறை இறங்கிவிடும். ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸும் அப்படித்தான், அதிலுள்ள எலாஸ்டேன் இழை வருஷம் போகப்போக இழுவையை இழக்கும். பார்க்க லெதர் மாதிரி இருக்கும் செயற்கை ஜாக்கெட், கைப்பை எல்லாம் ஒரு நாள்கூட வெளியே எடுக்காமல் வைத்திருந்தாலும் மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து வரும். மாறாக, பத்து வருஷம் துவைத்துத் துவைத்து உடுத்திய நல்ல பருத்திச் சட்டைக்குப் பயப்படவே வேண்டாம். காலர் ஓரம், அக்குள், கை மடிப்பு மூன்றையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

சேலை என்றால் படம் போதாது, வீடியோ கேளுங்கள். முழுதாக விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். நைந்த இடம் இருந்தால் அந்தக் கோட்டில் வெளிச்சம் சீப்புப் பல் மாதிரி ஊடுருவித் தெரியும். முந்தானையின் பின்பக்கம், ஃபால்ஸ் தைத்த ஓரம், ரவிக்கைத் துணி வெட்டப்பட்டுவிட்டதா, மொத்த நீளம் எவ்வளவு என்பதையும் கேட்டுவிட வேண்டும். நம் ஊர்ச் சுங்குடி என்று விற்பவர்களிடம் இன்னொரு கேள்வியும் உண்டு. 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி, துணியில் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுப்பது. அப்படிச் செய்த புள்ளிகள் ஒன்றுக்கொன்று அச்சடித்தது போல இருக்காது. எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, ஒரே இடைவெளி என்றால் அது பிரிண்ட். பிரிண்ட் வாங்குவதில் தப்பில்லை, ஆனால் முடிச்சுச் சேலைக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது அளவு. லேபிளில் இருக்கும் சைஸை நம்பவே கூடாது. பிரிட்டன் அளவில் 10 என்பது அமெரிக்க அளவில் ஏறக்குறைய 6, ஐரோப்பிய அளவில் 38. நம் ஊரிலேயே ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றின் லார்ஜ். அதனால் உங்கள் உடம்பை அளக்காதீர்கள், உங்களுக்குப் பிடித்துப்போய் அடிக்கடி போடும் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, ஒரு அக்குள் தையலிலிருந்து இன்னொரு அக்குள் தையல் வரை இஞ்ச் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 21 அங்குலம் வந்தால் சுற்றளவு 42. விற்பவரையும் அதே மாதிரி அளந்து சொல்லச் சொல்லுங்கள். இதற்குச் சலித்துக்கொள்கிறவரிடம் நான் வாங்குவதில்லை.

"டெய்லரிடம் கொடுத்துச் சரி பண்ணிக்கலாம்" என்று நினைத்து வாங்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரியதைச் சின்னதாக்கலாம், சின்னதைப் பெரியதாக்க உள்ளே துணி வேண்டும். நம் டெய்லர்கள் தைத்த ரவிக்கை, சுடிதாரில் பக்கத் தையலுக்குள் ஒரு அங்குலமாவது விட்டிருப்பார்கள், பிரித்துவிடலாம் (பழைய தையல் கோடும் வெளுக்காத நிறமும் வெளியே தெரியும், அதற்குத் தயாராக இருங்கள்). ரெடிமேடில் ஓவர்லாக் அடித்து ஓரத்தை ஒட்ட வெட்டியிருப்பார்கள், ஒன்றும் செய்ய முடியாது. உட்புறத் தையலை ஒரு படம் கேட்டால் தெரிந்துவிடும். மதுரை மீனாட்சி அம்மன் கோயில் பக்கத்துப் புது மண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல் கடைகளில் அந்தப் படத்தைக் காட்டி, என்ன கூலி ஆகும் என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடலாம்.

விலை குறைவு என்பதற்காக ஐந்தாறு அள்ளிப் போடுவது, எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிற தவறு. ஸ்லோ ஃபேஷன் (அவசரப்படாமல் வாங்கி நெடுநாள் உடுத்துவது) என்ற சொல்லை 2007-ல் முன்வைத்த பிரிட்டன் ஆய்வாளர் கேட் ஃப்ளெட்சர் வேகத்தைவிடத் தரத்தைத்தான் பேசினார். ஒரு பருத்தி டி-சர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது உலக வனவிலங்கு நிதியத்தின் கணக்கு. வைகையில் மணலைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அந்த எண் சும்மா இல்லை. ஆனால் புதிது ஒன்றை வாங்காமல் இருந்தால்தான் அந்தத் தண்ணீர் மிச்சம், புதிதும் வாங்கிப் பழையதும் வாங்கிக் குவித்தால் இல்லை. இன்னொன்று, துணியின் பெயரைப் பார்க்காமல் வாங்குவது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பாலியஸ்டர் சட்டையோடு ஒரு மணி நேரம் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பணம் விஷயம். முன்பின் தெரியாதவருக்கு முழுத் தொகையையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள், கேஷ் ஆன் டெலிவரி கேட்டுப் பாருங்கள், பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். நீங்கள் விற்கிறவராக இருந்தால், யூபிஐயில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போடவே தேவையில்லை. போடச் சொன்னால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப் போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

வந்த துணியை நேராக பீரோவில் வைக்காதீர்கள். பருத்தியை முதல் தடவை தனியாக, சாயம் போகிறதா என்று பார்த்துத் துவைத்து, மொட்டைமாடி வெயிலில் போடலாம். பட்டை நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பை விட்டுவிட்டு வேறு இடத்தில் மடித்து வையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை அந்த மடிப்பையும் மாற்றுங்கள்.