ஏ.எம். குரல் தெளிவாகக் கேட்க: ஹாம் செட்டில் மாற்ற வேண்டிய ஒரு சின்னக் கபாசிட்டர்

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வாங்கி 40 மீட்டர் அலைவரிசையில் ஏ.எம். முறையில், அதாவது ரேடியோ அலையின் உயரத்தைக் குரலுக்கேற்ப மாற்றி அனுப்பும் முறையில், பேசத் தொடங்கும்போது, “குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருது சார்” என்று எதிர்முனையில் சொல்வார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து நான் முதல்முறை பேசியபோதும் இதேதான். உடனே மைக் ஒலியைக் கூட்டும் மைக் கெயின் குமிழைத் திருகினேன், சத்தம் ஏறவில்லை, கரகரப்புதான் ஏறியது. அதனால் கெயினை இப்போது தொடாதீர்கள்.

செட்டை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் சப்ளையின் பெரிய கபாசிட்டர்களில் சார்ஜ் வடிந்துவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். வால்வு செட் என்றால் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும், அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

சரி, இப்போது சர்க்யூட் படத்தை வைத்துக்கொண்டு மைக் ஜாக்கிலிருந்து ஆடியோ போகும் பாதையைப் பிடித்துப் போங்கள். நடுவில், டி.சி.யைத் தடுத்து ஆடியோவை மட்டும் அடுத்த கட்டத்துக்கு விடும் கப்ளிங் கபாசிட்டர் ஒன்று வரும். என் செட்டில் அதன்மேல் 103 என்று இருந்தது, அதாவது 0.01 மைக்ரோ ஃபேரட், அதையடுத்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். இந்த ஜோடி சுமார் 1,600 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் மெலியவைத்துவிடும். ஆண்குரலின் அடிநாதமோ 100, 150 ஹெர்ட்ஸ் பக்கம், அப்புறம் குரலில் கனம் எங்கிருந்து வரும்? அதே வோல்டேஜ் தாங்கும் 104 ஒன்றை, அதாவது 0.1 மைக்ரோ ஃபேரட்டை, அங்கே சோல்டர் செய்யுங்கள், எல்லை 160 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஆசைப்பட்டு 1 மைக்ரோ ஃபேரட் போட்டுப் பார்த்தேன், கரண்ட் உறுமலும் சேர்ந்து உள்ளே வந்துவிட்டது.

அடுத்து ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் டம்மி லோடு (பவரை வானில் விடாமல் சூடாக மாற்றிவிடும் ரெசிஸ்டர்) மாட்டுங்கள். 100 வாட் எஸ்.எஸ்.பி. (கேரியர் இல்லாமல் ஒரு பக்கப் பட்டையை மட்டும் அனுப்பும் முறை) செட்டில் ஏ.எம். பேசினால், குரலைச் சுமக்கும் அலையான கேரியர் 25 வாட்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் முழு மாடுலேஷனில், அதாவது குரல் அதன்மேல் முழு அளவில் ஏறும்போது, வோல்டேஜ் இரட்டிப்பாகும்போது பவர் நான்கு மடங்காகும். கேரியரைக் கூட்டி வைத்தால் குரலுக்கு இடமே இருக்காது. பேசாத நேரத்திலும் கேரியர் ஓடுவதால் செட் சூடாகும், நம் ஊர் ஏப்ரல் வெயிலில் ஒரு ஃபேன் கட்டாயம்.

கடைசியாகத்தான் கெயின். செட் அனுப்பும் அலையை ஆசிலாஸ்கோப் திரையில் பார்த்துக்கொண்டே உங்கள் வழக்கமான குரலில் பேசுங்கள். அலையின் பள்ளங்கள் நடுக்கோட்டை நெருங்கலாம், ஆனால் இரண்டு மேடுகளுக்கு நடுவே தட்டைக் கோடு தெரிந்தால் கேரியர் அறுபடுகிறது, அந்தச் சடசடப்பு பக்கத்து அலைவரிசையில் பேசுபவர் காதில் போய் விழும். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, குமிழ் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு ஆன்டெனாவை மாட்டுங்கள்.