புற்றுநோய் ஆய்வு மாணவருக்கு முதல் ஆறு மாதம் என்ன கற்றுத்தர வேண்டும்?

மாணவர் சேர்ந்த வாரமே கையில் ஒரு மூலிகைச் சாற்றைக் கொடுத்து ‘எம்.டி.டி. போட்டுப் பார்’ என்று சொல்லிவிடாதீர்கள். எம்.டி.டி. ஒரு மஞ்சள் சாயம்; உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும், அந்த நிறத்தை அளந்து எவ்வளவு செல் பிழைத்தது என்று கணிப்பார்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. அதில் முதல் 6 மாதத்தைச் செல் வளர்ப்புக்கும் கன்ட்ரோல்களுக்கும் (ஒப்பீட்டுச் சோதனைகளுக்கும்) கொடுங்கள். தலைப்பு காத்திருக்கட்டும்.

முதல் பாடம், செல் எங்கிருந்து வந்தது என்பது. பக்கத்து ஆய்வகத்தில் கேட்டு வாங்கி வருவது வேண்டாம், புனே என்.சி.சி.எஸ். (தேசிய செல் அறிவியல் மையம்) போன்ற செல் வங்கியிலிருந்து வாங்குங்கள். வாய்ப் புற்றுநோய்ச் செல் என்று நம்பிப் பலர் பயன்படுத்தும் ‘கேபி’ உண்மையில் ஹீலா (கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்) கலப்பு. கல்லீரல் செல் என்று நம்பப்பட்ட ‘சாங் லிவர்’ கதையும் அதுதான். செல்லின் டி.என்.ஏ. அடையாளத்தைப் பார்க்கும் எஸ்.டி.ஆர். பரிசோதனை ஒன்றே இதற்குத் தீர்வு. செல் வந்ததும் வேலையைத் தொடங்காமல், 2 பாசேஜுக்குள் (பாசேஜ்: பெருகிய செல்லைப் புதிய தட்டுக்கு மாற்றும் சுற்று) 10 வயலாவது (சிறு குப்பி) உறைய வையுங்கள்: வயலுக்கு 10 லட்சம் செல், 90 சதவீதம் சீரம், 10 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ. (உறையும்போது செல்லைக் காக்கும், மருந்தைக் கரைக்கவும் உதவும் திரவம்), நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிர்விப்பு, பிறகு திரவ நைட்ரஜன்.

மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா செல் வளர்ப்பில் புகுந்தாலும் மீடியத்தை, அதாவது செல் வளரும் ஊட்டத் திரவத்தை, கலங்க வைக்காது. அதற்குச் செல் சுவர் இல்லாததால் பெனிசிலினும் அதை ஒன்றும் செய்யாது. மாதம் ஒருமுறை பி.சி.ஆர். செய்தால்தான் தெரியும்.

அதிகம் தவறு நடக்கும் இடம் எம்.டி.டி. 96 வெல் பிளேட்டின் (96 சிறு குழிகள் உள்ள தட்டு) ஓர வெல்கள் 36-லும் பி.பி.எஸ். (உப்புக் கரைசல்) மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். அவற்றில் நீர் ஆவியாகி அளவு பிசகும். உள்ளே உள்ள 60-ல் வெல்லுக்கு 5,000 செல், 100 மைக்ரோலிட்டர். மறுநாள் மருந்து. டி.எம்.எஸ்.ஓ. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. மட்டும் போட்ட வெல்களும் இருக்க வேண்டும். 72 மணி நேரச் சோதனையைத் திங்களன்று தொடங்கினால், செவ்வாய் மருந்து, வெள்ளி ரீடிங். சனிக்கிழமை கோபிக்கோ தாராபுரத்துக்கோ வீட்டுக்குப் போகும் மாணவருக்கு இந்தக் கணக்குதான் ஒத்துவரும்.

பெரும்பாலோர் விட்டுவிடுவது செல் இல்லாத வெல். தாவரச் சாற்றிலுள்ள ஃபிளாவனாய்டு, வைட்டமின் சி போன்றவை செல்லின் உதவி இல்லாமலே எம்.டி.டி.யை ஊதா நிறமாக்கும். செத்த செல் உயிரோடு இருப்பதுபோல் ரீடிங் வரும். ஆகவே ஒவ்வொரு செறிவுக்கும் மீடியம், சாறு, எம்.டி.டி. மட்டும் உள்ள வெல் கட்டாயம். அது ஊதாவானால், எம்.டி.டி. சேர்க்கும் முன் மருந்து மீடியத்தை எடுத்துவிட்டு பி.பி.எஸ்.ஸால் கழுவ வேண்டும். முடிவை டிரிபான் புளூவிலோ (செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் சாயம்), 10 முதல் 14 நாள் காலனி சோதனையிலோ (தனிச் செல் பெருகிக் கூட்டமாகிறதா என்று பார்ப்பது) உறுதிசெய்ய வேண்டும்.

ஈரோட்டு மஞ்சள் பக்கத்திலேயே கிடைப்பதால் அதன் நிறப்பொருளான குர்குமின் மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் அது முதல் தலைப்புக்கு ஏற்றதல்ல. சீரம் இல்லாத மீடியத்தில், 37 டிகிரியில் அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். தானே பச்சையாக ஒளிர்வதால் அனெக்சின்–எஃப்.ஐ.டி.சி. (சாகும் செல்லில் ஒட்டிப் பச்சையாக ஒளிரும் சாயம்) சோதனையில் அப்போப்டோசிஸ் (செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வது) நடந்ததுபோல் காட்டும். சாயம் போடாமல் குர்குமின் மட்டும் கொடுத்த செல்லை ஃப்ளோ சைட்டோமீட்டரில் (ஒவ்வொரு செல்லின் ஒளிர்வையும் அளக்கும் கருவி) ஓட்டிப் பார்க்காத படத்தை ஏற்காதீர்கள்.

ஒரே பிளேட்டில் 3 வெல் போட்டு ‘என் = 3’ (மூன்று முறை செய்த சோதனை) என்று எழுதுவதை முதல் நாளே நிறுத்துங்கள். வெவ்வேறு நாளில், வெவ்வேறு பாசேஜில், மருந்தைப் புதிதாகக் கலக்கிச் செய்த 3 சோதனைகள்தான் மூன்று.

கரண்ட் போனால் இன்குபேட்டர் கதவைத் திறக்கக் கூடாது. மூடியிருந்தால் சூடு சிறிது நேரம் நிற்கும். பொங்கல் விடுமுறைக்கு முன் செல்லை உறைய வைத்துவிட்டுப் போவதே நல்லது.

ஆறாவது மாதம் ஒரு சோதனை வையுங்கள். எண் மட்டும் எழுதிய 3 குழாய்கள்: எட்டோபோசைடு (புற்றுநோய் மருந்து), வெறும் டி.எம்.எஸ்.ஓ., வைட்டமின் சி. எதில் என்ன என்று சொல்ல வேண்டாம். எட்டோபோசைடின் ஐ.சி.50 (செல் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் செறிவு) மூன்று முறையும் ஏறக்குறைய ஒன்றாக வந்து, மூன்றாவது குழாய் எம்.டி.டி.யோடு நேரடியாக வினைபுரிகிறது என்பதை மாணவரே கண்டுபிடித்துச் சொன்னால், தலைப்பைப் பேச உட்காரலாம். சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு மாதம் கொடுங்கள்.